சுருங்காத டிஸ்க்

அழித்த பிறகும் கோப்பு சுருங்கவில்லை. ஒரு ஜிபி கூடியிருந்தது.

ஒரகடம் ஆலையின் சர்வர் அறையில் ஷெர்லின் எண்ணை மறுபடி படித்தாள். ஆயுத பூஜை மதியம். தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரங்களுக்கெல்லாம் மாலை; சர்வரின் நெற்றியிலும் குங்குமம். பொரி வாங்கிய கையோடு ஆட்கள் படப்பைக்கு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டார்கள். ஏசியின் முனகலுக்கும் சாமந்தி வாசத்துக்கும் அடியில், இந்த அறைக்குச் சம்பந்தமில்லாத சூடான எண்ணெய் வாடை ஒன்று மெல்லக் கசிந்துகொண்டிருந்தது.

போன வாரம் மூன்றாம் பிரஸ்ஸில் ஒப்பந்தத் தொழிலாளி பேச்சிராஜ் நசுங்கிச் செத்தான். ஆவணத்தில், விடுப்பில் ஊருக்குப் போனான். 'விபத்தில்லா 992 நாட்கள்' என்ற வாசல் பலகை மறுநாள் கூசாமல் 993 ஆனது. நாளை ஆயிரம், பிளான்ட் தலைவர் கோதண்டத்துக்கு விருது, சால்வை, குரூப் போட்டோ.

அவர் சொல்லி அந்தச் சாவின் கேமராப் பதிவை அழித்தவள் ஷெர்லின். பதிவு இருந்தது ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள்; சர்வருக்குள்ளேயே மென்பொருளாலான இன்னொரு கணினி அது. அதன் டிஸ்க் முழுதும் வெளியே ஒரே கோப்பு. உள்ளே அழித்தாலும் வெளியே இடம் திரும்பாது. வீட்டைக் காலி செய்தும் சாவி தராத குடித்தனக்காரன்போலப் பழைய தடம் உட்கார்ந்திருக்கும். காலியிடத்தில் பூஜ்யம் நிரப்பி, பிறகு சுருக்க வேண்டும். நாளை விருதுக்கான தணிக்கையாளர்கள் இந்தக் கோப்பையே நகலெடுப்பார்கள். தடம் சிக்கினால் ஜெயில், அழித்தவளுக்கு.

போனில் கோதண்டம். "இன்னாம்மா, முடிஞ்சுதா?"

"ரெண்டு வாட்டி பூஜ்யம் அடிச்சிட்டேன் சார். வாட்டிக்கு ஒரு ஜிபி ஏறிக்கினே போவுது."

"கேமராவ நிறுத்தினியா?"

"எல்லாம் ஆஃப்ல கீது சார்."

"சர்வருக்கே சூடம் காட்டிகீறோம், அப்புறம் இன்னா? இன்னொரு வாட்டி அடி. சால்வ போத்துற நேரத்துல மானத்த வாங்காத."

அடித்தாள். ஏறியது.

சுவருக்கு அப்பால், தட்.

பிரஸ் கூடத்தின் மெயின் ஸ்விட்ச் காலையிலேயே இறக்கப்பட்டது. பிரஸ் ஓட வழியில்லை.

தட்.

திரையில் விர்ச்சுவல் மெஷினுக்குள் நுழைந்து பார்த்தாள். காலியாயிருந்த பதிவு ஃபோல்டரில் ஒரு கோப்பு. மூன்றாம் பிரஸ். இன்றைய தேதி.

திறந்தாள்.

மாலை போட்ட பிரஸ். உடைத்த பூசணி. எதிரே பேச்சிராஜ். பக்கத்தில் பேச்சிராஜ். தள்ளி, இன்னொரு பேச்சிராஜ். அவள் பூஜ்யம் அடித்த ஒவ்வொரு முறைக்கும் ஒருவன். மூவரும் தட்டையாக. நெற்றியில் குங்குமம். குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோலக் கைகட்டி, கேமராவைப் பார்த்தபடி.

நடுவே ஓர் ஆள் இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில், தரையில், ஓர் அடையாள அட்டை.

ஷெர்லின் கழுத்தைத் தடவினாள்.

நாடா மட்டும் இருந்தது.

தட்.