இத்தா வீட்டில் மாறிய தையல் மெஷின்

1978 ஜூலை. செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி. பதுளையில் ஹம்ஸியாவின் வீட்டு உள்ளறை. நபீலா கைமெஷினைச் சாய்த்து அதன் அடிப்பலகையைப் பார்த்தாள். அதில் எந்த அடையாளமும் இல்லை.

"கடையின்ட பச்சைப் பெயின்ட் புள்ளி அடியில இரிக்கிதெண்டு சொன்னீங்க?"

"இரிந்திச்சு மிஸ்." ஹம்ஸியா முக்காட்டை இழுத்துவிட்டாள். "இது என்ட மெஷினில்ல."

நபீலா தொழிலாளர் முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் அதிகாரி. ஹம்ஸியா வீட்டிலிருந்தபடியே ஜௌபர் ஹாஜியாரின் புடவைக் கடைக்குத் தைப்பவள். கணவன் மௌத்தான பிறகு, வேலையாட்களுக்கான சேமலாப நிதியில் தன் பெயர் இருக்கிறதா என்று கடையில் கேட்டனுப்பினாள். நீ எங்கள் வேலையாளே இல்லை என்று பதில் வந்தது. அவள் முறைப்பாடு எழுதினாள். அதோடு வெட்டிய துணி வருவதும் நின்றது.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடியும்வரை அவள் வெளியே போய் வேறு வேலை தேட முடியாது. அந்நிய ஆண்கள் முன் வரவும் முடியாது. வெள்ளிக்கிழமை விசாரணை. அதில் தோற்றால் தையலும் இல்லை, நிதியும் இல்லை.

ஹாஜியார் ஏற்கனவே வாக்குமூலம் கொடுத்திருந்தார். "அவ சொந்தமாத் தைக்கிறவ. நான் மெஷின் குடுத்ததெண்டா என்ட அடையாளம் இரிக்கணும். மெஷின்ல பொய் சொல்றவ மத்ததுல உண்மை சொல்லுவாவா?"

நபீலா மெஷினை நிமிர்த்தி வைத்தாள். கறுப்பு உடல், பொன் பூக்கள். ஊரில் பாதி வீடுகளில் இதே மாதிரிதான்.

"எப்ப மாறிச்சு?"

"நாப்பதாம் நாள் கத்தம் ஓதின அண்டைக்குத்தான். ஓத வாறவங்களுக்குப் பாய் போட முன்னறையைக் காலியாக்கினாங்க. மெஷினப் பெட்ஷீட்டால மூடி, தாஸிம் நானா பக்கத்து வீட்டுல கொண்டு வெச்சாரு. பின்னேரம் அவரே கொண்டு வந்தாரு."

தாஸிம் என்பவர் ஹாஜியாரின் கடைக்காரியஸ்தர்.

"உடனே ஏன் சொல்லல்ல?"

"தைக்கத் துணி வரல்லியே, நான் திறக்கவுமில்ல. நீங்க வாறீங்க எண்டு எண்ணெய் போடத் திறந்தேன். சக்கரம் லேசா சுத்திச்சு. என்டது கனம்." அவள் தலை குனிந்தாள். "மெஷின் மாறிட்டு எண்டா ஆர் நம்புவாங்க? புருஷன் மௌத்தானதுல புத்தி பேதலிச்சிட்டு எண்டுவாங்க."

பத்தேகால் மணி. பக்கத்து வீடு. லரீபா ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவளும் ஹாஜியார் கடைக்குத்தான் தைக்கிறாள், ஆனால் மெஷின் அவளுடைய சொந்தம். அவளுடைய உம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது.

"ஹம்ஸியா தாத்தா பொய் சொல்ற ஆளில்ல மிஸ்," என்றாள் கேட்பதற்கு முன்பே. அக்காவைத் தாத்தா என்றும் அண்ணனை நானா என்றும் அழைப்பது அவர்கள் வழக்கம்.

"மெஷினை எங்க வெச்சாங்க?"

"வாசல்ல, திரைக்கு வெளியால. நான் தொடவுமில்ல. அண்டைக்கு முழுக்க தாத்தாட குசினியிலதான் நிண்டேன். என்ட வட்டிலப்பம் இல்லாட்டிக் கத்தத்துக்கு ஆள் வராது மிஸ்."

"இந்த வீட்டுல ஆர் இருந்தது?"

"ஒருத்தரும் இல்ல. கதவு சாத்தித்தான் இருந்திச்சு."

அவளுடைய மெஷின் உள்ளே ஒரு சீலையால் மூடப்பட்டிருந்தது. நபீலா அதைத் திறக்கச் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குள் வந்து சந்தேகத்தின் பேரில் சீலையை இழுப்பது அவளுக்குப் பிடிக்காது. முதலில் காரணம் வேண்டும்.

பதினொன்றரை மணி. கடை. தாஸிம் பிஸ்கட் தட்டை நீட்டினார். நபீலா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"நான் ஏன் மிஸ் மாத்தணும்? மூடினபடி தூக்கிட்டுப் போய் வாசல்ல வெச்சேன். பின்னேரம் மழை. போனா வாசல்ல காணல்ல. கூப்பிட்டேன். உள்ள இருந்து ஆரோ திரைக்கு அடியால தள்ளி விட்டாங்க. எனக்கு வட்டிலப்பம் வெக்கல்லியா எண்டும் கேட்டேன். ஒரு சத்தமுமில்ல. மூடினபடியே தூக்கிட்டு வந்தேன்."

மேசையில் தைத்து வந்த சட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்து உள்மடிப்பிலும் ஒரு நூல் முடிச்சு. சிலதில் சிவப்பு, சிலதில் மஞ்சள்.

"இது என்ன?"

"ஆர்ட தையலெண்டு தெரியத்தான். சிவப்பு லரீபா தாத்தாட. நீலம் ஹம்ஸியா தாத்தாட. தையல் பிழைச்சா அவங்களுக்கே திருப்பி அனுப்புவோம், பிரிச்சுத் தைக்க."

"நீலம் இப்ப இரிக்கா?"

"அவ கடைசியாத் தைச்சது ஸ்பிரிங்வெளிப் பிள்ளைக் காம்பராவுக்குக் கவுன். அதெல்லாம் போயிட்டு."

இரண்டரை மணிக்கு நபீலா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பரா ரோட்டுக்கு மேலே இருந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ரெங்கம்மா இடுப்பில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாக நின்றாள்.

"கவுனு பாக்கவா பதுளையில இருந்து வந்தீங்க? வாங்கம்மா, வாங்க. தொவச்சது கொடியில கெடக்கு. இந்தப் பய போட்டிருக்கறதப் பாக்காதீங்க, அதுல கவுனு கொஞ்சம், மூக்குச்சளி மிச்சம்."

"பையனுக்கும் கவுனா?"

"ரெண்டு வயசு வரைக்கும் எல்லாம் மகாராணிதான்!"

நபீலா கொடியிலிருந்த ஒரு கவுனை எடுத்தாள். கழுத்தில் நீல முடிச்சு. துணியை வெயிலுக்கு நேரே பிடித்தாள். தையல் ஒழுங்காக ஓடியது. ஆனால் அதற்கு இடப்பக்கத்தில், தையலோடு கூடவே, ஊசிமுனை அளவு ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. இன்னொரு கவுனிலும் அப்படியே.

தையல் மெஷினில் துணியை அடியிலிருந்து நகர்த்துவது சிறிய இரும்புப் பற்கள். அதில் ஒரு பல் வளைந்தால், போகும் வழியெல்லாம் துணியைக் குத்திக்கொண்டே போகும். துவைத்தாலும் அது மறையாது.

"துணி மோசமாம்மா?" என்றாள் ரெங்கம்மா.

"நல்ல துணி. இதை ரெண்டு நாளைக்குக் கொண்டு போகலாமா?"

"கொண்டு போங்க. பதிலுக்கு இவன வேணும்னாலும் சேத்துக் குடுக்கிறேன்."

புதன்கிழமை காலை, கடைத் திறப்பு நேரம். நபீலா சிவப்பு முடிச்சுச் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எது எந்தத் தேதியில் வந்தது என்று கடைக் கணக்கில் பார்த்து, இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை நான்கு மணி. ஹம்ஸியாவின் வீட்டு முன்னறையில் ஹாஜியாரும் தாஸிமும் உட்கார்ந்திருந்தார்கள். திரைக்கு உள்ளே ஹம்ஸியாவும் லரீபாவும். நபீலா இரு பக்கமும் தெரியும்படி திரையோரம் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"இது கத்தத்துக்கு முந்தி ஹம்ஸியா தைச்ச கவுன். தையலுக்குப் பக்கத்தில ஓட்டை வரிசை இரிக்கு. இது கத்தத்துக்கு முந்தி வந்த சிவப்பு முடிச்சு. ஓட்டை இல்ல. இது கத்தத்துக்குப் பிறகு வந்த சிவப்பு முடிச்சு." அவள் சட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். "ஓட்டை இரிக்கு. ஹம்ஸியாட மெஷின் கத்தம் நாளில இருந்து லரீபாட வீட்டுல ஓடுது."



"அப்ப தாஸிம்தான் மாத்திக் கொண்டு வந்திரிக்கான்," என்றார் ஹாஜியார் அவசரமாக.

"ஹாஜியார்!" என்றார் தாஸிம்.

"நானும் முதல்ல அப்பிடித்தான் நினைச்சேன். தூக்கினவர் அவர்தானே. ஆனா அவர் அந்நிய ஆம்பிள. லரீபாட திரையைத் தாண்டி உள்ளுக்குப் போக ஏலாது. எந்த மெஷின் எண்டு தெரிஞ்செடுக்க அவருக்கு வழியே இல்ல. உள்ள இருந்து ஒரு கை தள்ளி விட்டதைத்தான் தூக்கினாரு. வீட்டுல ஒருத்தரும் இல்லையெண்டா அந்தக் கை ஆர்ட?"

லரீபா எழுந்து பின்கதவால் வெளியே போனாள். திரும்பி வரும்போது கையில் மெஷின். சாய்த்துக் காட்டினாள். பச்சைப் புள்ளி.

"ஹாஜியார் சொன்னதெண்டு தாஸிம் நானா சொன்னாரு. இந்த அடையாளத்தை விசாரணையில கண்டா வீட்டுத் தையலே முடிஞ்சிடும், கடைக்கு வந்து தைக்கிறவங்களுக்குத்தான் வேலையெண்டு." அவள் மெஷினைக் கீழே வைத்தாள். "எங்கட ஊட்டுக்காரர் என்னைக் கடைத்தெருவுக்கு விடமாட்டாரு. நான் எங்க போற?"

"உன்ட உம்மா தந்ததையா எனக்குத் தள்ளி விட்ட?" என்றாள் ஹம்ஸியா.

"வேற என்ன இரிந்திச்சு தாத்தா, தாறதுக்கு?"

ஹம்ஸியாவின் பார்வை லரீபாவின் உம்மா கொடுத்த மெஷினிலேயே இருந்தது.

நபீலா திரைக்கு வெளியே திரும்பினாள். "ஹாஜியார், மெஷின் ஒரு சாட்சி மட்டும்தான். அது இல்லாட்டியும் துணி வெட்டுறது நீங்க. கூலி சொல்றது நீங்க. பிழைச்சா பிரிச்சுத் தைக்கச் சொல்றதும் நீங்க. அப்பிடித் தைக்கிறவங்க கடையில இருந்தாலும் வீட்டுல இருந்தாலும் உங்கட வேலையாள்தான். நாளைக்கே வீட்டுத் தையலை நிப்பாட்டினாலும் இதுவரைக்கும் உள்ள கடமை நிக்காது. முறைப்பாடு வந்ததுக்காகத் துணியை நிப்பாட்டினதையும் வெள்ளிக்கிழமை கேப்பேன்."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "துணி நாளைக்கு வரும்," என்றார் மெதுவாக. "மிச்சத்தை வெள்ளிக்கிழமை பேசுவோம்."

"அப்ப சொந்த மெஷின் வெச்சிரிக்கிற நானும்...?" என்றாள் லரீபா.

"நீங்களும்தான். நீங்க ஒளிக்க வேண்டிய ஒண்டும் இருக்கல்ல."

லரீபா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். வாசலில் ஆண்கள் செருப்புப் போடும் சத்தம் கேட்டது. அது தேயும்வரை அவள் காத்திருந்தாள்.

"தாத்தாக்கு இத்தா முடியல்ல. விசாரணைக்கு உங்கட கந்தோருக்குப் போக ஏலாதே மிஸ்?"

"அவங்கட வாக்குமூலத்தை நான் இங்கயே எழுதி எடுப்பேன். நேர்ல சொல்ல ஆள் இருந்தா நல்லம்."

"அப்ப நான் வாறேன். ரெண்டு பேருக்கும் நானே சொல்றேன்."

ஹம்ஸியா முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உன்ட ஆளுட்ட என்ன சொல்லுவ?"

"கடைத்தெருவுக்குப் போகல்ல, கந்தோருக்குப் போறேன் எண்டு சொல்லுவேன்."