கோடுகள் ஏறும் பக்கம்

காலடிப்பேட்டையில் அந்த வீட்டுக்குப் பீம்ராவ் போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு மணி இருக்கும். 2005ஆம் வருஷத்துச் சித்திரை வெயில். எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த காற்றில் ஏதோ ரசாயன நெடி. சாட்டிலைட் ரேடியோ மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் வேலை. இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருகிறவன் கூட்டாளி செல்வம். ஐந்து நாளாகக் காய்ச்சல் என்று அவன் கடைக்கு வரவில்லை.

கதவைத் திறந்தவள் சுகிர்தம். மளிகை மொத்த வியாபாரி தவசிமுத்துவின் மனைவி. நெஞ்சில் சளி கட்டி அவர் ஒரு வருஷம் படுக்கையில் கிடந்தபோது துணைக்கிருந்தது இந்த ரேடியோதான் என்றாள். மாசியில் இறந்துபோயிருந்தார்.

வெளியே அவ்வளவு வெயில். உள்ளே விளக்குப் போட வேண்டியிருந்தது. தைலமும் காயாத துணியும் கலந்த வாடை சுவரிலேயே ஊறிக்கிடந்தது. கூடத்து மேசைமேல் ரேடியோ இருந்தது. உள்ளங்கை அகலமுள்ள அதன் சதுர ஆன்டெனா, சன்னலைப் பார்க்காமல் உள்ளறைக் கதவைப் பார்த்து நின்றது.

"யாரும்மா இத்த இப்டி வெச்சது? சாட்டிலைட்டு அந்தாண்ட, கடலுக்கு மேல கீது. இந்தப் பக்கம் வெறும் செவுருதானே."

"போன வாரம் வந்த தம்பிதான் வச்சிட்டுப் போனாவ. வேற எந்தப் பக்கம் வச்சாலும் எடுக்கல."

பீம்ராவ் ரேடியோப் பெட்டியையும் ஆன்டெனாவையும் மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனான். அந்தச் சாட்டிலைட் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும். தென்கிழக்கே, பாதி வானத்துக்குக் கொஞ்சம் மேலே. கண்ணை மூடிக்கொண்டே அவனால் காட்ட முடியும். ஆன்டெனாவை அங்கே திருப்பினான். திரையில் சிக்னல் கோடு ஒன்றுகூட ஏறவில்லை.

சலித்துப்போய்க் கையைத் தாழ்த்தினான். ஆன்டெனா மாடிப்படியைப் பார்த்தது.

கோடுகள் மளமளவென்று ஏறின.

பாட்டு வரவில்லை. மூச்சு வந்தது. சளி கட்டிய நெஞ்சு இழுத்து இழுத்து விடுகிற மூச்சு.

கோடுகள் இறங்கின. ஆன்டெனாவைச் சற்று இடப்பக்கம் திருப்பினான். மறுபடி ஏறின. மறுபடி இறங்கின. மறுபடி திருப்பினான்.

சாட்டிலைட் நகராது.

இது நகர்ந்தது.

படியிலிருந்து கதவுக்கு. கதவிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு. தொட்டியிலிருந்து, அவன் நின்ற இடத்துக்கு.

பிறகு எந்தப் பக்கம் திருப்பினாலும் கோடு இல்லை. ஆன்டெனாவைத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்தான்.

அத்தனை கோடுகளும் நிறைந்தன.

"கண்டுபிடிச்சிட்டீங்களா தம்பி?" சுகிர்தம் படியில் நின்றிருந்தாள்.

"இன்னாம்மா இது?" என்றான்.

"அவியதான். போன வாரம் அந்தத் தம்பிகூடவே போயிட்டாவ. அஞ்சு நாள் நிம்மதியா உறங்குனேன். இன்னைக்குக் காலையில ஏழு மணிக்குத் திரும்பி வந்துட்டாவ." கைகூப்பினாள். "என்னைய மன்னிச்சிருங்க. எனக்கு வேற வழி தெரியல."

பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

தண்டையார்பேட்டையில் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. முதலாளி ரஷீது வாசலிலேயே நின்றார்.

"செல்வம் போய்ட்டாம்பா. காலீல ஒம்போது மணிக்கு."

ஏழு மணி. ஒன்பது மணி. பீம்ராவ் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அன்று சாயங்காலமே காய்ச்சல் கண்டது. வியாசர்பாடி வீட்டில் மனைவி ரமாபாய் ஈரத்துணி போட்டாள், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள், புத்த விகாரில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். காய்ச்சல் இறங்கவில்லை. அவனிடம் சொந்தமாக ஒரு பெட்டி இருந்தது. அதன் ஆன்டெனாவைப் படுக்கைப் பக்கம் திருப்பினால் மட்டும் கோடுகள் ஏறின. அந்த மூச்சை அவளும் கேட்டாள். சுகிர்தம் சொன்னதை அவளிடம் சொன்னான். ஏழு மணியையும் ஒன்பது மணியையும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் காலை உடம்பு கொஞ்சம் லேசானது. அரை டம்ளர் டீ குடித்தான். ரமாபாய் ஆன்டெனாவை எடுத்து அவன் பக்கம் பிடித்தாள். ஒரு கோடுகூட இல்லை. சன்னல் வழியே வானத்துக்குத் திருப்பினாள். பாட்டு வந்தது.

"பூட்ச்சியா," என்று அழுதாள். "உன்னவுட்டுப் பூட்ச்சி. பாரு, பாட்டு பாடுது."

பீம்ராவ் கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு பத்து.

செல் அடித்தது. ரமாபாய் எடுத்து அவன் காதில் வைத்தாள்.

"தம்பி," சுகிர்தத்தின் குரல் உடைந்திருந்தது. "அவிய வந்துட்டாவ."

அவளுக்குப் பின்னால், வெகு அருகில், அந்த மூச்சு இழுத்தது.

"யாருய்யா?" என்றாள் ரமாபாய்.

"ராங் நம்பரு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கஞ்சி வைக்க எழுந்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு மணி நேரம் கயிச்சி வெக்கலாம் ரமா. இப்போ இங்க குந்து."