பிரிண்டர் மறக்கவில்லை

கிணற்றிலிருந்து தூக்கியபோதே சபிஹாவுக்கு உயிர் இல்லை.

அப்போது காலை மணி பத்து.

மாலை நாலு மணிக்கு, அதிராம்பட்டினத்தில் அவள் வீட்டு ஹாலில், இன்ஸ்பெக்டர் பஞ்சநதம் ஒரு தாளை நீட்டினார்.

"கீபோர்டுக்கு அடியில இருந்துச்சு. படிங்க தம்பி."

சபிஹாவின் அண்ணன் இர்பான் வாங்கினான். பட்டுக்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன்.

அச்சடித்த இரண்டே வரி. 'என் சாவுக்கு யாரும் காரணமில்லை. வாழப் பிடிக்கவில்லை.'

"இது அவ எழுதினது இல்ல சார்..."

"எல்லாத்தையும் அவ கம்ப்யூட்டர்லதானே அடிப்பா," என்றான் ஜெகபர் அலி. சபிஹாவின் கணவன். ஏழு வருடமாகத் துபாய். போன வாரம்தான் லீவில் வந்திருந்தான். "ஊருக்கு அடிச்சுக் கொடுக்கிற கல்யாணப் பத்திரிகைலேர்ந்து மளிகை லிஸ்ட் வரைக்கும் பிரிண்ட்டுதான். என்னைய விட்டுட்டுப் போயிட்டாளே மச்சான்..."

பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருந்தது.

இர்பானுக்குச் சபிஹா நேற்று மாலை மூன்று முறை போன் செய்தாள். கடையில் கூட்டம். எடுக்கவில்லை. அவள் தானாகச் செத்திருந்தால், அந்த மூன்று போனோடுதான் அவன் இனி வாழ வேண்டும்.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான்.

"என்ன தேடுறீங்க?"

"பிரிண்டர் செட்டிங் சார். சாதாரணமா பேப்பர் வெளிய வந்ததும் லிஸ்ட்லேர்ந்து அழிஞ்சிடும். 'பத்திரிகை அடிச்சவங்க திரும்ப வந்து நாலு காப்பி கேக்குறாங்க காக்கா, அழியாம வச்சுக் கொடுங்க'ன்னு அண்ணன் என்கிட்ட சபிஹா கேட்டா. செட்டிங்ல ஒரு டிக் போட்டேன். அன்னைலேர்ந்து அடிச்சதெல்லாம் நேரத்தோட லிஸ்ட்லயே நிக்கும்."

ஜெகபர் அலி கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

லிஸ்ட் திறந்தது. கடைசியில் அந்தக் கடிதம். நேரம்... காலை 9.05.

பஞ்சநதம் பெருமூச்சு விட்டார். "ஒம்போது மணிக்கு அவங்க வாசல்ல மீன் வாங்கிட்டு உள்ள போனதைப் பக்கத்து வீட்டு ஜன்னத் பீவி பார்த்திருக்காங்க. இவர் ஒம்பதரை வரைக்கும் சேக் தாவூது டீக்கடையில. வீட்டுல வேற ஆள் இல்ல. அவங்களேதான் அடிச்சிருக்காங்க தம்பி."

இர்பான் வாய்விட்டு அழுதான்.

அழுதபடியே லிஸ்ட்டில் அதற்கு முந்தைய வரியைத் திறந்தான். நேற்றைய தேதி. பள்ளிவாசல் ஜமாத்துக்கு ஒரு மனு.

'என் கணவருக்குத் துபாயில் வேறு குடும்பம் இருக்கிறது. இந்தக் கல்யாணத்திலிருந்து எனக்கு விடுதலை வாங்கித் தாருங்கள்.'

"விடுதலை கேட்டவ சாவாளா சார்?"

"கோவத்துல எழுதியிருப்பா," என்றான் ஜெகபர் அலி. "அதான் நேரம் சொல்லுதே. நான் டீக்கடையில இருந்தேன்."

நேரம்...

இர்பான் திரையின் மூலையைப் பார்த்தான். 2.40. சுவர்க் கடிகாரத்தில் 4.10.

"சார்... இது துபாய் டைம்."

"என்னது?"

"கம்ப்யூட்டர் வந்த அன்னைக்கே கேட்டா. 'அவர் எந்திரிச்சாரா, சாப்பிட்டாரான்னு இதைப் பார்த்தா தெரியணும் காக்கா'ன்னு. நான்தான் வச்சுக் கொடுத்தேன். நேத்து இப்படி ஒரு மனு எழுதினவ, இதை மட்டும் மாத்தலையே சார்."

பஞ்சநதம் விரல் விட்டு எண்ணினார். ஒன்றரை மணி நேரம் வித்தியாசம்.

"அப்போ அடிச்சது பத்து முப்பத்தஞ்சுக்கு. அவங்க உடம்பு ஆம்புலன்ஸ்ல போயிட்டிருந்துச்சு. ஆஸ்பத்திரில கேப்பாங்க, ரேஷன் கார்டு எடுத்துட்டு வர்றேன்னு வீட்டுல தங்கினது யாருங்க ஜெகபர் அலி?"

ஜெகபர் அலி தன் வாட்சைப் பார்த்தான். அது இந்திய நேரத்தில் ஓடியது. விமானம் இறங்கியதுமே மாற்றிவிட்டிருந்தான்.

"ஜமாத்துக்குப் போயே தீருவேன்னா சார். ஊர்ல தலை காட்ட முடியாதேன்னு... டீ குடிச்சிட்டு வந்து, கிணத்துல தள்ளிட்டேன்."

"மூணு தடவை கூப்பிட்டா சார்," என்றான் இர்பான், யாரையும் பார்க்காமல். "ஒரு தடவை எடுத்திருக்கலாம்."

பஞ்சநதம் அவன் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, விலங்கை எடுத்தார்.

விலங்குக்கு இடைஞ்சலான வாட்சைக் கழற்ற ஜெகபர் அலி தயங்கினான்.

"வாட்ச் எதுக்குங்க?" என்றார் பஞ்சநதம். "போற இடத்துல அவங்களே மணி அடிச்சுச் சோறு போடுவாங்க."