மூன்றாவது படலை

வீட்டை விட்டு ஒரு நாளும் வெளியே போகாத சைக்கிளின் பின்சக்கரத்தில் மண் ஒட்டியிருந்தது.

வெள்ளை மண். டிசம்பர் மாதத்து ஞாயிறு பின்னேரம், துடைப்பதற்குத் துணியோடு குனிந்த சேந்தன் முதலில் அதை அரிசி மா என்றுதான் நினைத்தான். பாரிஸ் லா சப்பலில் நாலாம் மாடியில் இரண்டே அறைக்குள் மூன்று பேர் குடியிருந்தால் மா போகாத இடமில்லை. போன மாதம் அவனுடைய சப்பாத்துக்குள்ளேயே இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தான். நறநறவென்றது. மூக்கருகே கொண்டுபோனான். மழை விட்ட புல்லின் மணமும் ஆட்டுப் புழுக்கை மணமும் அடித்தன.

"மா அரிச்சனீரே?" என்று கேட்டான்.

"வெள்ளிக்கிழமை, இடியப்பத்துக்கு. ஏனப்பா?" குசினிக்குள் இருந்து மனைவி துஷாந்தி கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

அந்தச் சைக்கிள் ஓடும், ஆனால் நகராது. பின்சக்கரம் ஓர் இரும்பு உருளையில் அழுந்தி நிற்கும். முன்னால் உள்ள திரையில் பாதை ஏறினால் உருளை இறுகும், இறங்கினால் இளகும். திரையில் ஓடும் பாதைகள் எல்லாம் அவனுடைய தம்பி மிதுசன் அனுப்பியவை.

மிதுசன் இங்கிலாந்தின் தென்கரையில் இருந்தான். எங்கள் ஆட்களுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான், அதனால் அவன் லண்டன் தம்பி. சரளைக்கல்லிலும் சுண்ணாம்பு மண்ணிலும் ஓடவென்றே பருத்த டயர் போட்ட சைக்கிளில் ஞாயிறு தவறாமல் குன்றுகளுக்குப் போவான். கைபிடியில் பூட்டிய கமராவில் பாதையைப் படம் பிடித்து, வரைபடக் கோட்டோடு அனுப்பிவிடுவான். வேலிகள், செம்மறிகள், வேலிக்கு வேலி திறந்து மூடுகிற மரப் படலைகள். "அண்ணை, ஏத்தம் வருது, மூச்சைப் பிடி" என்று படத்துக்குள் இருந்து கத்துவான். சேந்தன் பாரிஸில் இருந்தபடி மூச்சைப் பிடிப்பான். அடுத்த கோடைக்கு நேரில் வருகிறேன் என்று நான்கு வருடமாகத் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அகதிப் பயணப் பத்திரத்தில் விசா எடுப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

"மிருணாவையும் கூட்டிக்கொண்டு வா. சைக்கிள் பாரிலை இருத்தி வெள்ளைப் பாதை முழுக்கக் காட்டுறன்" என்பான் மிதுசன். மிருணாளினி சேந்தனின் மகள். ஆறு வயது.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, மூன்றாவது படலைக்குப் பக்கத்தில் மிதுசன் விழுந்தான். செவ்வாய்க்கிழமை ஆடு பார்க்க வந்தவர்தான் கண்டார்.

செத்த வீட்டையும் சேந்தன் ஃபோனில்தான் பார்த்தான். தேவாரம் முடிந்து, பெட்டியை மூடி, எல்லாரும் எழும்பிய நேரத்தில் அவனுடைய வாய் பழக்கத்தில் விடைபெற்றுவிட்டது: "சரியடா தம்பி, போட்டு வாறன்."

துஷாந்தி அவன் கையைப் பிடித்தாள். "செத்த வீட்டிலை ஆரும் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுறதே? பின்னாலை வந்திடுமப்பா."

"ஃபோன்தானே, வீடே?" என்று சேந்தன் சொன்னான்.

தம்பியின் கமராவில் இருந்த கடைசிப் பாதையின் படம் பிறகு வந்து சேர்ந்தது. முப்பத்தெட்டு கிலோமீற்றர். வரைபடத்தில் கோடு மூன்றாவது படலையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு சேந்தன் அதில் ஏறினான். தம்பியின் மூச்சு அதில் இருந்தது. வேறெங்கும் இனி அது கிடைக்காது. அழுதுகொண்டே மிதித்தான். இறங்கிப் பார்த்தபோது கோடு படலையைத் தாண்டி மயிரிழையாய்த் தெற்கே இறங்கி நியூஹேவன் துறைமுகத்தைத் தொட்டிருந்தது.

சேந்தன் ஃபோன் கடையில் வேலை செய்பவன், எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பான். ஆப் பிழை என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மறு ஞாயிறும் ஏறினான். கோடு கடலைக் கடந்து பிரான்ஸ் பக்கம் தியெப்பில் கரையேறியது. அதற்கடுத்த ஞாயிறு ஜிசோர். அங்கிருந்து பாரிஸுக்கு ஒரு நாள் சைக்கிள் ஓட்டம். தான் மிதித்தால்தான் கோடு வளருகிறது என்று கணக்குப் பண்ணி, அதன்பின் சைக்கிளில் ஏறவே இல்லை. இரண்டு வாரம் ஆகிவிட்டது.

இப்போது சக்கரத்தில் மண்.

வெளிக்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மிருணாளினி ஓடிப்போய்த் திறந்து, இரண்டு கையும் குவித்து, "வாங்கோ, உள்ளுக்கை வாங்கோ" என்றாள். அது சேந்தன் கற்றுக்கொடுத்தது. வந்தவர்களுக்கெல்லாம் பிள்ளை போன்ஜூர் சொல்கிறது என்று ஒரு பெரியவர் முகம் சுளித்ததில் இருந்து, ஒரு மாதமாகக் கதவடியில் நிறுத்திப் பழக்கியிருந்தான். ஆர் வந்தாலும் 'வா' எண்டு சொல்லோணும் பிள்ளை, அதுதான் எங்கடை மரியாதை.

வந்தது மூன்றாம் மாடி மரி-லூயிஸ், பென்ஷன் எடுத்த புதுச்சேரி அம்மாள். "என்ன மெசியே சேந்தன், ஞாயித்துக்கிழமைன்னா பொறுத்துக்கலாம். ரெண்டு வாரமா தினமும் பகல்ல மேல சக்கரம் சுத்துதே. எனக்குத் தூக்கமே போச்சு."

"பகலிலை இஞ்சை ஒருத்தரும் இல்லை மதாம். நாங்கள் வேலைக்கு, பிள்ளை பள்ளிக்கூடம்."

"அப்போ யாரு மிதிக்கிறது?" அவர் அவனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு வேறொன்றும் கேட்காமல் படியிறங்கினார். அவரோடு துஷாந்தியும் கறிவேப்பிலை வாங்கக் கடைக்கு இறங்கினாள்.

ஐந்து மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது. மிருணாளினி நடையில் உட்கார்ந்து பென்சிலால் படம் கீறிக்கொண்டிருந்தாள். சேந்தன் திரையைப் போட்டான்.

கோடு பாரிஸ் எல்லையில் உள்ள சென் தெனி வாய்க்காலைத் தாண்டியிருந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கவே அது ஒரு பருக்கையளவு நகர்ந்தது. வருகிறேன் என்று சொன்னவன் நான் அல்லவா, என்று அவனுக்குத் தோன்றியது. நான் போனால் அவன் வரத் தேவையில்லை. இந்தப் பாதையிலேயே எதிர்த்து ஓடி அவனை வழியில் மறித்து, திருப்பி அந்தப் படலைக்கே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடலாம். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அவன் வரக்கூடாது. தம்பிதான், உயிரான தம்பிதான். ஆனாலும் வரக்கூடாது.

சைக்கிள் சப்பாத்தைப் போட்டான். அதன் அடியில் உள்ள பூட்டு பெடலில் கொளுவும். குதியைத் திருப்பினால் கழரும். டக். டக். இரண்டு காலும் கொளுவின. மிதித்தான்.

திரையில் வெள்ளைப் பாதை தெரிந்தது, செம்மறிகள் தலை தூக்கிப் பார்த்தன, தம்பியின் மூச்சு அறை முழுக்க நிரம்பியது, ஈரப்புல் மணம் எழும்பியது, அந்த மூச்சுக்குள் முன்பு இல்லாத ஒரு நீர்க்களகளப்பும் இருந்தது. மண் சட்டென்று தார் ஆனது. பாதை எதிர்த்துப் போகவில்லை. வீட்டைப் பார்த்துத்தான் வந்தது. மெத்ரோப் பாலத்தின் இரும்புத் தூண்கள். அதன் கீழ் வெற்றிலை விற்கிறவரின் பெட்டி. சேலைக் கடைக் கண்ணாடிக்குள் தலையில்லாப் பொம்மைகள். எல்லாம் சைக்கிள் கைபிடி உயரத்தில்.

மிதிப்பதை நிறுத்தினான். பெடல் நிற்கவில்லை.

குதியைத் திருப்பினான். கழரவில்லை.

திரையில் அவர்களுடைய கட்டடத்தின் வாசல். கீழ்நடை விளக்கு. மரப்படி.

டொக்.

அது திரையில் கேட்டது. வெளியிலும் கேட்டது. சக்கரம் ஒரு படி ஏறும் சத்தம். டொக். முதலாம் மாடி. உருளை இறுகியது, ஏற்றத்துக்கு இறுகுவது போல. தொடை எரிந்தது. டொக். டொக். தான் மிதிக்க மிதிக்கத்தான் அது ஏறுகிறது என்று அவனுக்கு விளங்கியது. கால் அவனுடையது இல்லை.

மூன்றாம் மாடி. மரி-லூயிஸின் கதவு உள்ளிருந்து பூட்டப்படும் சத்தம்.

"அண்ணை," என்றது திரை, மெதுவாக, "ஏத்தம் முடிஞ்சுது."

திரையில் ஒரு கதவு. மேலே பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். அவர்கள் வீட்டுக் கதவு.

சைக்கிள் மணி ஒருமுறை அடித்தது.

நடையில் பென்சில் உருண்டது. சின்னக் கால்கள் ஓடின.

"மிருணா, கதவைத் திறக்காதை." கத்தினான் என்றுதான் நினைத்தான். ஏற்றத்தில் மூச்சு முழுவதும் போயிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. "பிள்ளை, வேண்டாம்."

பூட்டு திரும்பியது.

திரையில் கதவு விலகியது. மகளின் முகம். கமராவுக்கு நேரே, அதே உயரத்தில். மேலே நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் முகம் சுருங்கியது. பிறகு, படித்த பிள்ளை, கை குவித்தாள்.

"வாங்கோ சித்தப்பா. உள்ளுக்கை வாங்கோ."

நடையில் ஒரு நீண்ட ஈர மூச்சு. பின்சக்கரம் சும்மா சுற்றும் கிர்ர்ர் ஓசை. அப்புறம் ஒன்றுமில்லை.

அவனுடைய சப்பாத்துகள் தாமாகக் கழன்றன. விழுந்து, எழும்பி, நடைக்கு ஓடினான். கதவு திறந்து கிடந்தது. கீறிய படமும் பிள்ளையின் மஞ்சள் செருப்பு இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. வாசலிலிருந்து படிவரை வெள்ளைக் கோடு ஒன்று, ஒரு டயர் அகலம்.

பின்னால் அறையில் உருளை மறுபடி சுழலத் தொடங்கியது.

திரும்பி வந்து பார்த்தான். ஆளில்லாத பெடல்கள் மிதிபட்டுக்கொண்டிருந்தன. திரையில் பகல். வெள்ளைப் பாதை. கமராவுக்கு முன்னால், பாரில், இரட்டைப் பின்னலும் வெறுங்காலுமாய் ஒரு சின்ன முதுகு. இருபுறமும் சேறு படிந்த இரண்டு கைகள். பின்னல்கள் காற்றில் பறந்தன. மூன்றாவது படலை திறந்திருந்தது. அவர்கள் அதைக் கடந்தார்கள்.

அவள் திரும்பிப் பார்த்து, அப்பாவுக்குக் கை காட்டினாள்.

"போட்டு வாறன்," என்றாள்.