இரண்டு கிலோ கூடிய சேலை

செத்துப்போன உதயகுமாரின் செல்போன் அடித்தது!

மதியம் மூன்று மணி. வெளியே பங்குனி வெயில் அருப்புக்கோட்டையை வறுத்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷனுக்குள் சாட்சிப் பொருள்கள் வைக்கும் இரும்பு பீரோவிலிருந்துதான் அந்தச் சத்தம்.

ஏட்டு சந்தனம் கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"மேடம்... செத்தவரு போனு!"

இன்ஸ்பெக்டர் ரேணுகாதேவி நிமிர்ந்தாள்.

"ஒம்பது நாளாச்சு. அதுல எப்படி இன்னும் சார்ஜ் இருக்கு?"

"நாந்தான் மேடம் தெனமும் போட்டு வைக்கிறேன். யாராச்சும் கூப்பிட்டா துப்பு கெடைக்கும்ல."

"யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

"லோனு வேணுமான்னு ஒரு பொண்ணு. தெனமும் கேக்குது."

போன் விடாமல் அலறியது.

எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜீவிதா தலையைத் தூக்கினாள். இருபத்தொன்பது வயது. ஒன்பது நாளில் பத்து வயது கூடியிருந்தது. தினமும் விசாரணை, இன்று காலையில்தான் கைது. ஐந்து மணிக்கு அவளை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும்.

குற்றம்... கொலை!

ஒன்பது நாளுக்கு முன்பு...

பாலவனத்தம் போகும் சாலையில் உதயகுமாரின் குடோன். ஊர் ஊராகப் பழைய பட்டுச் சேலைகளை வாங்குவார். மற்றவர்கள் ஜரிகையை உருக்கி வெள்ளி எடுப்பார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. அலசி, தேய்த்து, படம் பிடித்து இணையத்தில் போடுவார். நாற்பது ஐம்பது வருஷத்துச் சேலை என்றால் வெளிநாட்டில் கொத்திக்கொண்டு போனார்கள்.

அந்தச் சேலைகளைப் பார்சல் கட்டும் வேலை ஜீவிதாவுக்கு. தறிக்காரர் வீட்டு மருமகள். சேலையைக் கையில் ஏந்தினாலே எடை சொல்வாள்.

அன்று மதியம் இரண்டேகால் மணிக்கு அவள் போட்ட அலறலில் சாலையில் போன ஷேர் ஆட்டோவே நின்றது!

உதயகுமார் சேலைக் குவியல் மேல் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. தராசுப் பக்கத்தில் ஐந்து கிலோ எடைக்கல் இருந்தது. ஒரு கிலோ இருந்தது.

இரண்டு கிலோக் கல்லைக் காணோம்!

முந்தின நாள் அவளுக்கும் அவருக்கும் சண்டை. தெருவே கேட்டிருக்கிறது. கூரியர் ஏஜென்சி நடத்தும் கோகுலும் வாக்குமூலம் கொடுத்துவிட்டான்.

'ஒண்ணு இருபதுக்குப் பார்சலை எடுத்துக்கிட்டு வெளிய வந்தேன். அண்ணாச்சி நல்லா இருந்தாரு. ஜீவிதா கோவமா உள்ள போனா.'

அவளோ அந்த நேரத்தில் வீட்டில் சாப்பிடப் போயிருந்ததாகச் சொன்னாள். பார்த்தவர் யாரும் இல்லை.

போன் இன்னும் அடித்தது.

ரேணுகாதேவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ... அண்ணாச்சியா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா ஒங்களுக்கு?"

பெண் குரல். கொதித்துக்கொண்டிருந்தது.

"யாரும்மா நீங்க?"

"ஜோதிகா. டென்மார்க்லருந்து பேசுறேன். சொந்த ஊரு மதுரை. ஊர்க்காரிகிட்டயே இப்படிப் புடுங்குறீங்களே, வெள்ளைக்காரன்னா விட்டு வைப்பீங்களா?"

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"அரக்குப் பட்டு வாங்குனேன்ல? பார்சலை மெஷின்ல வச்சு போட்டோ அனுப்புனீங்க. தொள்ளாயிரத்து நாப்பது கிராம். அதுக்கு உண்டான கூரியர் செலவு போக, கூட வாங்குன ஆயிரத்து எண்ணூறு ரூபாயை அண்ணாச்சியே திருப்பி அனுப்புனாரு. இனிமே எடைக்கு என்ன உண்டோ அது மட்டுந்தான்னு வாட்ஸ்அப்புல பேசியும் அனுப்புனாரு. நான் எத்தனை பேருகிட்ட பெருமையா சொன்னேன் தெரியுமா?"

"அப்புறம்?"

"இன்னிக்கு வாசல்ல நின்னு மேல காசு கட்டுங்கிறான்! பார்சல் ரெண்டு கிலோ தொள்ளாயிரத்து நாப்பதாம். கட்டித் தொலைச்சேன். பிரிச்சுப் பாத்தா... சேலைக்குள்ள இரும்பு எடைக்கல்லு!"

சந்தனத்தின் வாய் திறந்தது. மூடவில்லை.

ரேணுகாதேவியின் குரல் இறங்கியது. "எத்தனை கிலோக் கல்லும்மா?"

"ரெண்டுன்னு போட்டிருக்கு. அடியில ஈயம் அடைச்ச குழி. அதுல கறுப்பா ஏதோ காஞ்சு கெடக்கு. ரெண்டு மூணு முடி ஒட்டியிருக்கு. சீ... பழைய சேலைன்னா இதையெல்லாமா சேத்து அனுப்புவீங்க?"

"அதைத் தொடாதீங்க. கழுவிறாதீங்க!"

"ஏன்? நீங்க யாரு?"

"போலீஸ். உதயகுமாரைக் கொன்னுட்டாங்க. அந்தக் கல்லாலதான்."

மறுமுனையில் நாற்காலி சாயும் சத்தம்.

"அம்மா... லைன்ல இருக்கீங்களா? பார்சல் மேல யாரு பேராவது இருக்கா?"

"டேப்பு மேல... குறுக்க... ஜீவிதான்னு கையெழுத்து..."

சந்தனம் தொடையில் தட்டினார். "முடிஞ்சுது மேடம்! இவ கட்டுன பார்சலு. இவ போட்ட கையெழுத்து. கொன்ன கல்லைக் கடல் தாண்டி அனுப்பிட்டு இங்கன ஊமைக் கோட்டானாட்டம் உக்காந்திருக்கா!"

ரேணுகாதேவி தன் நம்பரைக் கொடுத்து, எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். பிறகு ஜீவிதாவின் முன்னால் போய் நின்றாள்.

"இப்ப என்ன சொல்ற?"

ஜீவிதா அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா மேடம்? பில்லுல என்ன எடை போட்டிருக்கு?"

ரேணுகாதேவி கோப்பைப் புரட்டினாள். கோகுல் கொடுத்த பில் நகல் உள்ளே இருந்தது.

"தொள்ளாயிரத்து நாப்பது."

"கோகுலண்ணே ஒரு கிராம் கூடுனாலே அடுத்த கிலோவுக்குப் பில்லு போடுறவுக. ரெண்டு கிலோவைச் சும்மா விட்டுருப்பாகளா?"

மின்விசிறி கிறீச்சிட்டது.

"ஒனக்கும் உதயகுமாருக்கும் சண்டை எதுக்கு?" ரேணுகாதேவி மெல்லக் கேட்டாள்.

"இதுக்குத்தான். ஆயிரத்து எண்ணூறு ஆகுற பார்சலுக்கு கூரியர், பேக்கிங்னு மூவாயிரத்து அறநூறு வாங்குவாக. கூட வர்றதை அண்ணாச்சியும் கோகுலண்ணனும் பாதிப் பாதி பிரிச்சுக்குவாக. வாங்குனவுக எல்லாம் காறித் துப்பி எழுதுனாக. யாவாரமே படுத்துருச்சு. இப்படிக் கொள்ளையடிச்சா நான் பார்சல் கட்ட மாட்டேன்னு சத்தம் போட்டேன். ராத்திரியெல்லாம் யோசிச்சிருக்காக போல. காலையில வந்து, சரி ஆத்தா, இனிமே எடைக்கு உள்ளதுதான்னுட்டாக. கோகுலுகிட்டயும் இன்னிக்கே சொல்லிருதேன்னாக..."

"ஏன் இதை மொதல்லயே சொல்லல?"

"மொத நாளே சொன்னேன் மேடம். ஏட்டையா 'கதை விடாதே'ன்னாரு."

ரேணுகாதேவி திரும்பினாள். சந்தனம் சட்டையிலிருந்த டீக் கறையை அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோகுலுக்கு போன் போடுங்க. வாக்குமூலத்துல ஒரு கையெழுத்து பாக்கின்னு சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது!"

இருபது நிமிடத்தில் கோகுல் வந்தான். வெள்ளைச் சட்டை. நெற்றியில் சந்தனப் பொட்டு. புதுக் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே உட்கார்ந்தான்.

"என்ன மேடம், இவளை இன்னும் அனுப்பலையா?"

"அஞ்சு மணிக்கு. ஒரு சின்ன சந்தேகம். பார்சலை எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"ஒண்ணு இருபது."

"அப்ப உதயகுமார்?"

"குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருந்தாரு மேடம். டீ குடிச்சிட்டுப் போலேன்னாரு."

"டென்மார்க் பார்சல் எடை?"

"தொள்ளாயிரத்து நாப்பது."

"குடோன்ல எழுதிக் குடுத்ததை அப்படியே போட்டுட்டீங்களா?"

கோகுலுக்கு ரோஷம் வந்தது. "நம்ம கடையில அந்தப் பழக்கமே கெடையாது. என் கையால, என் மெஷின்ல எடை பாத்தேன். நாந்தான் பையில போட்டு சீல் வச்சேன். வேற ஒருத்தன் கை படல."

"அருமை. இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டான். வளைவு வளைவான, அழகான கையெழுத்து.

ரேணுகாதேவி தன் போனை அவன் முன்னால் வைத்தாள்.

மேஜை மேல் அரக்குப் பட்டு. அதன் நடுவில் துருவேறிய இரண்டு கிலோக் கல்!

"இன்னிக்கு டென்மார்க்ல எடுத்த படம்."

சுழன்றுகொண்டிருந்த சாவி கீழே விழுந்தது.

"அது... இவதான் மேடம்! இவதான் உள்ள வச்சுக் கட்டியிருக்கா!"

"எப்ப?"

"நான் எடுக்கிறதுக்கு முன்னாடி!"

"ஒங்க மெஷின்ல எடை ஏறலையே? சரி, அதை விடுங்க. நீங்க பார்சலை எடுக்கும்போது உதயகுமார் டீ குடிக்கச் சொன்னாரு. மண்டை ஒடைஞ்சவரு எப்படிச் சொன்னாரு? அவரு சாகுறதுக்கு முன்னாடியே, அவரைக் கொன்ன கல்லு ரத்தத்தோட பார்சலுக்குள்ள எப்படிப் போச்சு?"

கோகுலின் நெற்றியில் பொட்டு கரைந்து மூக்கில் இறங்கியது.

எழுந்தான்... பாய்ந்தான்!

வாசலில் ஏட்டு காலை நீட்டினார். வெள்ளைச் சட்டை தரையைக் கூட்டியது.

அரை மணி நேரத்தில் உண்மை எல்லாம் வந்துவிட்டது.

"இனிமே பங்கு கெடையாதுன்னாரு மேடம்... எடைக்கு உள்ளதுதான்னாரு. அந்தப் பங்கை நம்பித்தான் காருக்கு லோனு போட்டேன். கையில கல்லு கெடைச்சுது... ஒரே ஒரு அடி..."

"கல்லை எங்கயாச்சும் எறிய வேண்டியதுதானே?"

"எங்க எறிய? திருச்சுழியிலருந்து எம்.ரெட்டியபட்டி வரைக்கும் ஒரு கண்மாயில தண்ணி உண்டா? காஞ்ச கெணத்துல போட்டா மேலருந்தே தெரியுது. நீங்க வேற அன்னிக்குச் சாயங்காலமே ஆள் விட்டுத் தேடுனீங்க. அவ கையெழுத்து இருந்த பார்சலை ஓரமாக் கீறி உள்ள வச்சு ஒட்டிட்டேன். கண்டுபிடிச்சாலும் அவ தலையில விடியும்னு..."

"பில்லையாவது மாத்திப் போட்டிருக்கலாமே?"

கோகுல் தலை குனிந்தான்.

"மூணு கிலோன்னா இன்னும் மூவாயிரத்து அறநூறு ஆகும். யாருகிட்ட வாங்குறது மேடம்? கைக்காசு போட மனசு வரல. வாங்குறவ தலையில போட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

ரேணுகாதேவி அரெஸ்ட் தாளை எடுத்தாள். ஜீவிதாவின் பெயர் இருந்த பக்கத்தை நான்காகக் கிழித்தாள்.

"நீ போகலாம் ஜீவிதா."

ஜீவிதா எழுந்தாள்.

"எம்மக ரெண்டாங்கிளாஸ் படிக்கா. ஒம்பது நாளா அவ பக்கத்துல எந்தப் பிள்ளையும் உக்காரல. கொலைகாரி மகளாம்." அவள் சந்தனத்தைப் பார்த்தாள். "அதுக்கும் ஒரு தாளு எழுதித் தருவீகளா ஏட்டையா?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

ஜீவிதா வெயிலுக்குள் இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜீப் புறப்பட்டபோது பின் சீட்டில் விலங்கோடு கோகுல் முனகினான்.

"ஏட்டையா... மதுரை ஜெயிலுக்கா கூட்டிட்டுப் போறீங்க?"

"ஆமலே. வாசல் வரைக்கும் டெலிவரி ஃப்ரீ!" என்றார் சந்தனம். "ஆனா... ரிட்டர்ன் எடுக்க மாட்டாக!"