விட்டால்தான் பிடிக்கலாம்

"ரிமோட்டை நசுக்கிடாதம்மா. அது செங்கல் இல்ல," என்றாள் வாலு.

அம்மா பிடியைத் தளர்த்தினாள். நாளெல்லாம் கட்டட வேலையில் செங்கல் சுமக்கிற கை. மெல்ல அசை என்றால் அந்தக் கைக்கு விளங்கவில்லை.

ரிமோட்டில் பறக்கும் அந்த விமானம் வாலுவின் அண்ணனுடையது. தெர்மாகோலை வெட்டி ஒட்டி அவனே செய்தது. "இறக்கை உடைஞ்சா உன்கூடப் பேச்சே கிடையாது" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தான். சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு.

மைதானத்தில் ஆளுக்கொரு ரிமோட், இரண்டையும் இணைத்து நடுவே ஒரு வயர். வாலுவின் ரிமோட்டில் மட்டும் ஒரு ஸ்விட்ச் இருந்தது.

"நல்லா கேட்டுக்கோ. நான் இதை அழுத்திப் பிடிச்சிருந்தா பிளேன் உன்னுது. விட்டா என்னுது."

"விட்டா உன்னுதா? தலைகீழா இருக்கே."

"அப்படித்தான். நீ தப்பு பண்ணினா நான் பாத்துக்கறேன்."

"சரிங்க டீச்சர்."

வாலு விமானத்தை உயரே ஏற்றி, ஸ்விட்சை அழுத்தினாள். அம்மா ஒரு தடவை அழகாகத் திருப்பினாள். அடுத்த தடவை ரிமோட்டின் குச்சியை ஒரேயடியாகத் தள்ளிவிட்டாள்.

விமானம் தலைகுப்புறப் பாய்ந்தது.

வாலு பதறினாள். ஸ்விட்சை இன்னும் இறுக்கினாள். தன் குச்சியை இழுத்தாள். விமானம் கேட்கவில்லை. மறுபடி இழுத்தாள். தரை நெருங்கிக்கொண்டே வந்தது.

"விடுடி, விடு!" என்று அம்மா கத்தினாள்.

விடுவதா? இந்த நேரத்திலா?

அப்புறம்தான் உறைத்தது. அழுத்திப் பிடித்திருக்கும்வரை அது அம்மாவுடையது.

வாலு விரலை எடுத்தாள். விமானம் புல் நுனியை உரசிக்கொண்டு மேலே எழுந்தது.

அம்மாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"போதும்டி. எனக்கு இதெல்லாம் வராது. நீயே இறக்கு."

"உன் தப்பு பாதிதாம்மா. பயத்துல நான் விடாம பிடிச்சிட்டிருந்துட்டேன்."

"பாத்துக்கறேன்னு சொன்னியே."

"அதான் கடைசியில பாத்துட்டேனே."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"குச்சியைப் பிடிம்மா. தூங்கற குழந்தையைத் தொடற மாதிரி தொடு," என்றாள் வாலு.

விமானம் தாழ்ந்தது. தரையில் தட்டியது. ஒரு குதி குதித்தது. ஓடி நின்றது. இறக்கை இரண்டும் முழுசாக இருந்தன.

"நல்லா இறக்கினடி," என்று அம்மா பெருமூச்சு விட்டாள்.

வாலு தன் ரிமோட்டைத் தூக்கிக் காட்டினாள். அவள் விரல் இன்னும் ஸ்விட்சை அழுத்திக்கொண்டுதான் இருந்தது.