அனுப்பி வைங்க

பூட்டும் நேரம் தாண்டியும் மலைக்கிளை அக்காவின் "பூட்டியாச்சு" அவள் போனுக்கு வரவில்லை. ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒற்றை ஆள்தான் வேலை. பேச்சுத் துணைக்கு இருப்பது எல்லாக் கிளைக்காரர்களும் போன் குழுவில் போட்டுக்கொள்ளும் இந்த ரெண்டு வரிப் பதிவுகள். அக்காவுடையது எப்போதும் முதலில் விழும், கூடவே ஒரு கிண்டலும். எப்போதும் கடைசியில் பூட்டுகிற ஆற்றங்கரைக் கிளைக்காரர்கூட இன்று பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

வெளியே மழை விட்டபாடில்லை. பழைய காகித வாடை, டியூப்லைட்டின் ரீங்காரம், அலமாரிகளுக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் பகுதியில் அவள் மகள் பக்கம் புரட்டும் சரசரப்பு. போன் அதிர்ந்தது. அக்காதான்.

"ஒருத்தர் வந்திருக்கார். படப்புத்தகம் வேணுமாம். குடை பிடிச்ச யானை. யார்கிட்ட இருக்கு?"

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கேட்ட புத்தகம் தன்னிடம் இருந்தால் நூலகக்காரியின் கை சும்மா இருக்குமா? யோசிக்காமல் தட்டினாள்: "என்கிட்ட இருக்குக்கா, அவரை அனுப்பி வைங்க. இப்ப என் பொண்ணுதான் வச்சுப் படிச்சிட்டிருக்கா."

அக்காவின் பதில் வந்தது: "அதை அழிச்சிடு."

"ஏன்க்கா?"

"என் தோளுக்குப் பின்னால நின்னு அவரும் படிச்சிட்டார். அப்புறம் புத்தகத்தைப் பத்திப் பேச்சே இல்லை. பொண்ணு ரொம்பச் சின்னவளான்னு கேட்டார். திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம். சாரலுக்குத் தாழ் போட்ட கதவு போட்டபடியே இருக்குடி."

தவளை தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னார்கள்! பதிவை அழித்தாள். மலையிலிருந்து இங்கே வர பஸ்ஸில் அரைநாள் ஆகும், அரைநாள், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடிப்போய் வாசல் கதவைப் பூட்டினாள். சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். இனி எவனும் உள்ளே வர முடியாது.

சரசரப்பு நின்றிருந்தது.

"குட்டி?"

நனைந்த கம்பளி வாடை. சற்றுமுன் இல்லாத வாடை. அலமாரிகளைத் தாண்டி நடந்தாள். ஒரு அலமாரி. இன்னொன்று. கடைசி அலமாரி.

"உஷ்... சத்தம் போடாதம்மா," மகள் கிசுகிசுத்தாள். அவளே மகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்தான். "மாமா படிச்சுக் காட்டுறாரு."

மகள் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் இல்லை. நாற்காலிக்கு ஒரு சாண் மேலே. யாரோ மடியில் வைத்திருப்பதுபோல. கால்கள் தொங்கின. முதுகு வெறுங்காற்றில் சாய்ந்திருந்தது. எதிரே புத்தகம் தானாக விரிந்து நின்றது.

பக்கம் புரண்டது.

நாற்காலியின் கீழே மழைத்தண்ணீர் சொட்டியது. குட்டியின் உச்சந்தலை முடி, யாரோ தடவிக்கொடுப்பதுபோல, மெல்லப் படிந்தது. நிமிர்ந்தது. மறுபடி படிந்தது.